பிரியாணிக்குப் பக்கத்துக் கத்திரிக்காய்: ஊர்ச் சமையலைத் தொடராக எடுப்பது எப்படி?

சென்னையிலிருந்து பெங்களூரு போகிற நெடுஞ்சாலையில் ஆம்பூர் நெருங்கினால் இரண்டு பக்கமும் பிரியாணிப் பலகைதான். யூடியூபிலும் அதே நெரிசல். தேக்சா மூடியைத் தூக்கியதும் ஆவி எழும், கேமராவை நோக்கி ஒரு கரண்டி நீளும், 'வேற லெவல்' என்று தீர்ப்பு வரும், பத்து நிமிடத்தில் வீடியோ முடிந்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு, 'வேலூரைச் சுற்றிய வடார்க்காட்டுச் சமையலை யாராவது ஒழுங்காக ஆவணத் தொடராக எடுக்க வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், 'அதான் ஆயிரம் வீடியோ கிடக்கே, இன்னும் என்ன எடுக்கணும்?' என்று எதிர்க்கேள்வி வருகிறது. கேட்பவர்மேல் தப்பில்லை. 'சமையல் புரோகிராம்' என்ற ஒரே மூட்டையில் நாம் நாலு சரக்கைக் கட்டி வைத்திருக்கிறோம்.

அந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே முதல் வேலை. பிறகு, அமெரிக்காவின் ஒரு சிறு நகரத்தில் எடுக்கப்பட்ட ஒரு தொடரை உதாரணமாக வைத்துக்கொண்டு, அதே முறை வேலூர்ப் பக்கம் வந்தால் எங்கே பொருந்தும், எங்கே இடிக்கும் என்று பார்க்கலாம்.

நாலு சரக்கு

1. செய்முறை நிகழ்ச்சி. 'முதல்ல கடாயில ரெண்டு ஸ்பூன் எண்ணெய்' என்று தொடங்குவது. பார்ப்பவர் வீட்டில் அதே குழம்பு வர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். வெங்காயம் எந்த ஊரில் விளைந்தது என்ற பேச்சுக்கு அங்கே வேலையில்லை.

2. கடை வீடியோ. எங்கே போனால் என்ன கிடைக்கும், என்ன விலை, ருசி எப்படி. இது விளம்பரத்துக்கும் விமர்சனத்துக்கும் நடுவில் நிற்பது. பல நேரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கடைக்காரருக்கும் எடுத்தவருக்கும் மட்டுமே தெரியும்.

3. போட்டி. கடிகாரம், நடுவர், கண்ணீர்.

4. ஆவணத் தொடர். ஒரு சமையற்காரரையும் அவர் ஊரையும் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எடுப்பது. சாப்பாடு எப்படி இருந்தது என்பதைவிட, அந்தச் சாப்பாடு ஏன் அந்த ஊரில் அப்படி ஆனது என்பதுதான் இதற்குக் கேள்வி.

இரண்டாவதையும் நாலாவதையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். 'எப்படி இருக்கு கைஸ்?' என்றால் கடை வீடியோ. 'விதை யார்கிட்ட வாங்குனீங்கண்ணா?' என்றால் ஆவணம். இன்னொரு அடையாளம், குழம்பு அடிபிடித்தால் அதை வெட்டி எறிகிறார்களா, படத்தில் விட்டு வைக்கிறார்களா என்பது.

கின்ஸ்டனில் நடந்தது

இந்த நாலாவது வகைக்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் பி.பி.எஸ். அலைவரிசையில் 2013 செப்டம்பரில் தொடங்கி ஐந்து சீசன் ஓடி 2018-ல் முடிந்த 'எ ஷெஃப்ஸ் லைஃப்'. மையத்தில் இருப்பவர் விவியன் ஹோவர்ட். வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் டீப் ரன் என்ற கிராமத்தில், புகையிலையும் பன்றி வளர்ப்புமாக இருந்த விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஊரைவிட்டுக் கிளம்பினால் போதும் என்று நியூயார்க் போனார். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார், அது பிடிக்காமல் ஓட்டலில் பரிமாறினார், அங்கிருந்து சமையலறைக்குள் நுழைந்தார். பிறகு கணவரோடு ஊர் திரும்பி, 2006-ல் பக்கத்து நகரமான கின்ஸ்டனில் 'ஷெஃப் அண்ட் தி ஃபார்மர்' என்ற உணவகத்தைத் திறந்தார்.

கின்ஸ்டன் அப்போது நொடித்துப்போன ஊர். புகையிலை வியாபாரமும் துணி ஆலைகளும் வாழவைத்த இடம், இரண்டும் சரிந்ததும் கடைவீதி இருண்டது. பெருநகரச் சமையலைக் கற்றுக்கொண்டு வந்த ஒருவர் அங்கே கடை போட்டது பலருக்கு விசித்திரமாகத்தான் பட்டிருக்கும். 2012 தொடக்கத்தில் அந்த உணவகத்தில் தீ விபத்து நடந்தது. மறுபடி கட்டி எழுப்பிய அந்தக் காலகட்டமும் தொடரின் கதைக்குள் வருகிறது.

இயக்குநர் சிந்தியா ஹில்லும் அதே பகுதிக்காரர்தான். ஹோவர்ட் முதலில் அவரிடம் பேசியது, ஊரில் மறைந்துவரும் சமையல் வழக்கங்களைப் பற்றி ஒரு படம் எடுக்கலாம் என்றுதான். தன் சொந்தப் பிழைப்பே தொடராகும் என்பது ஹோவர்டின் திட்டத்தில் இல்லை. வந்து பார்த்த ஹில்லுக்குத்தான், இந்தப் பெண் படும் பாட்டோடு சேர்த்துச் சொன்னால் அந்த வழக்கங்களும் நிற்கும் என்று தோன்றியிருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக்கான பீபடி விருது கிடைத்தது. அது அமெரிக்க ஒளிபரப்புத் துறையில் மதிப்புள்ள விருது.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியையும் ஒரு சமையல் நிகழ்ச்சியையும் ஒரு குடும்பத் தொடரையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறியது போன்றது. மூன்றும் தனித்தனியாகத் தெரியாத அளவுக்குக் கிளறியிருக்கிறார்கள்.

அரை மணி நேரத்துக்குள் மூன்று இழை

ஒவ்வொரு எபிசோடும் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மக்காச்சோளம், வேர்க்கடலை என்று. அந்தப் பொருளைச் சுற்றி மூன்று இழை ஓடும்:

1. விளைவிப்பவர். நிலத்தில், பண்ணையில், அந்தப் பொருள் எப்படி வருகிறது.
2. ஊரில் அதை வழிவழியாகச் சமைப்பவர். பெரும்பாலும் வயதானவர். ஹோவர்ட் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வார், சில நேரம் தப்பாகச் செய்து திட்டும் வாங்குவார்.
3. உணவகம். அதே பொருளைத் தன் பாணியில் மாற்றித் தட்டில் வைக்கும் போராட்டம். கூடவே குழந்தைகள், ஆள் பற்றாக்குறை, சனிக்கிழமை ராத்திரி நெருக்கடி.

இதில் கவனிக்க வேண்டியது, எபிசோடின் தலைப்பாகப் பதார்த்தம் வராமல் பொருள் வருவது. இந்த ஒரு முடிவால்தான் தொடரே நிமிர்ந்து நிற்கிறது என்பது என் எண்ணம். பதார்த்தத்தை எடுத்தால் கேள்வி உடனே 'யாருடையது ஒரிஜினல்?' என்று போய்விடும். பொருளை எடுத்தால் 'யார் வளர்த்தது, யார் யாரெல்லாம் எப்படிச் சமைக்கிறார்கள்?' என்று விரியும். சர்க்கரைவள்ளி அமெரிக்காவிலேயே வட கரோலினாவில்தான் அதிகம் விளைகிறது. அதைப் பற்றிப் பேசினால் மண்ணும் கூலியும் வறுமையும் கறுப்பின மக்களின் அடுப்பும் தானாகவே கூட வரும். 'கிழங்கு அடை' என்று தலைப்பு வைத்திருந்தால் செய்முறைதான் மிஞ்சியிருக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒரே சமையற்காரரின் கண் வழியாகவே ஊர் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கும். 2020-ல் அதே ஹோவர்டை வைத்து 'சம்வேர் சவுத்' என்று ஆறு எபிசோடு எடுத்தபோது பாதையை மாற்றினார்கள். கஞ்சி, ஊறுகாய், கீரை என்று பல இனத்தாரிடமும் பொதுவாக இருக்கிற ஒரு வகையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் வீட்டிலும் அது எப்படி மாறுகிறது என்று சுற்றிவந்தார்கள். கஞ்சிக்கென்றே ஒரு முழு எபிசோடு. ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழுக்குச் சொம்போடு நிற்கிற நம் ஊர்க்காரருக்கு அதில் விளக்கம் ஒன்றும் தேவைப்படாது.

வடார்க்காடு என்பது எந்த வட்டாரம்?

வட்டாரச் சமையல் என்று சொல்ல முதலில் வட்டாரம் வேண்டும். அங்கேயே ஒரு சிக்கல். வடார்க்காடு என்ற மாவட்டம் இப்போது காகிதத்தில் இல்லை. 1911-ல் சித்தூர் தனியாகப் போனது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சம் வேலூர் மாவட்டம் என்று நின்று, 2019-ல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆனால் நாக்கு அரசாணையைப் படிப்பதில்லை. இந்தப் பழைய பரப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சில பழக்கங்கள் எல்லைக் கல்லைத் தாண்டியும் அப்படியேதான் இருக்கின்றன.

ஒரு சொல்லே சாட்சி சொல்லும். தமிழ்நாட்டில் மற்றவர்கள் வேர்க்கடலை, நிலக்கடலை, கடலை என்று சொல்வதை ஆர்க்காட்டுச் சீமையில் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரின் பெயரைச் சுமந்துகொண்டு, போளூர், ஆரணிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வந்து குடியேறியிருக்கிறது. பச்சை மல்லாட்டையைத் தோலோடு உப்புப் போட்டு அவித்துத் தின்பது இங்கே உள்ளது போலவே ஹோவர்டின் ஊர்ப் பக்கமும் உண்டு. இந்த ஒற்றுமை யாரும் யாரையும் பார்த்துச் செய்ததல்ல. அறுவடை நாளில் வயலோரத்தில் பசித்தவருக்குத் தோன்றக்கூடிய முதல் யோசனையே அதுதான்.

அடுத்தது கேழ்வரகு. களி கிண்டுவதைக் கிட்டத்தில் பார்த்தால், எந்த மாதிரிக் காட்சிக்கு ஆவணத் தொடர் தேவைப்படுகிறது என்பது புரியும். பானையில் தண்ணீர் கொதிக்கும்போது ஒரு பிடி நொய்யரிசி போட்டு வேகவிடுவார்கள். நொய் குழைந்ததும் மாவைக் கொட்டுவார்கள், ஆனால் கிளற மாட்டார்கள். மாவு மேலே குன்றாக நிற்கும். கோலால் நடுவில் ஒரு குழி. அந்தக் குழி வழியாகக் கொதிநீர் குமிழ்விட்டு வந்து மாவை வேகவைக்கும். பிறகு பானையை இறக்கி, இரண்டு காலாலும் அண்டக் கொடுத்துக்கொண்டு, துடுப்பால் கட்டி இல்லாமல் கிண்டுவார்கள். தோளும் முதுகும் சேர்ந்து செய்கிற வேலை அது. விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, ஒட்டினால் வேகவில்லை. பக்கத்தில் கீரைக் கடைசல் இருக்கும், இல்லாவிட்டால் கருவாட்டுக் குழம்பு. 'மாவு ஒரு கப், தண்ணீர் இரண்டு கப்' என்று இதை நிமிடத்தில் சொல்லிவிடலாம். மாவைக் கொட்டிவிட்டுக் கிளறாமல் கை கட்டி நிற்கிற அந்தப் பொறுமையைச் சொல்ல முடியாது, பார்த்தால்தான் உண்டு.

இதோடு ஜவ்வாது மலையின் சாமை, ஆந்திர எல்லையோரக் காரம், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் உருது பேசும் வீடுகளின் அடுப்பு, ஆற்காட்டின் மக்கன் பேடா என்று அடுக்கலாம். இத்தனையும் இருக்க, வெளியூருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

பிரியாணியில் தொடங்கினால் என்ன இடிக்கும்?

ஆம்பூர் பிரியாணியின் தொழில்நுட்பம் சுருக்கமாக இது. சீரகச் சம்பா அரிசி. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, இஞ்சி பூண்டு, தயிர், தக்காளி, வெங்காயம் சேர்த்துக் கறியை வேகவைப்பது ஒரு பக்கம். அரிசியைத் தனியாக முக்கால் பதத்துக்கு வேகவைத்து வடிப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து மூடி, மூடிமேல் நெருப்புக் கரி அள்ளிப் போட்டுத் தம். அரிசியின் கடைசிக் கால் பங்கு வேக்காடு கறியின் ஈரத்திலிருந்து கிளம்பும் ஆவியில்தான் நடக்கிறது. அடியில் மட்டும் தீ இருந்தால் அடி பிடிக்கும், மேல் வேகாது. மேலேயும் கரி போடுவது அதற்காகத்தான். பாஸ்மதி போல் நீளாமல், குட்டையாகவே நின்று மசாலாவை உறிஞ்சுவது சீரகச் சம்பாவின் குணம். தம் உடைக்கும்போது மாஸ்டர் ஓரமாகக் கரண்டியை இறக்கி அடியிலிருந்து தூக்குவார். நடுவில் குத்தினால் அரிசி உடையும்.

பிரமாதமான காட்சிதான். ஆனால் தொடரின் முதல் எபிசோடாக இதை வைத்தால் மூன்று சங்கடம் வரும்.

1. பொருள் ஊரோடு ஒட்டவில்லை. சீரகச் சம்பா தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் விளைவது, ஆம்பூர் மண்ணுக்கு மட்டும் உரியதல்ல. மிளகாய் மண்டி வழியாக வருகிறது. ஊருக்குச் சொந்தமானது கைப்பக்குவம். விளைவிப்பவர் என்ற முதல் இழை இங்கே அறுந்துவிடும்.

2. 'ஒரிஜினல்' சண்டை. ஆற்காட்டு நவாப் அரண்மனை, முதல் கடை, யார் தாத்தா என்று ஆரம்பித்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். ஆவணம் வழக்குமன்றம் ஆகிவிடும்.

3. எந்தப் பிரியாணி? 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறியை விலக்கியதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று விளக்கம் கேட்டு, மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

அந்த மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அன்று பலர் அதை வெறும் அரசியல் கூச்சலாக எடுத்துக்கொண்டார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் ஊர்கள். கறி ஒரு பக்கம் போனால் தோல், பதனிடும் ஆலையான டேனரிக்குப் போகும். கறி வெட்டுபவர், தோல் பதனிடுபவர், டேனரியில் கூலிக்குப் போகிறவர், ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் என்று ஊரின் பொருளாதாரமே விலங்கை ஒட்டி ஓடுகிறது. அந்தக் கூலிக்காரர் மதியம் வாங்கித் தின்கிற தட்டை விழாவிலிருந்து எடுத்துவிட்டால், விழா எந்த ஊருடையது என்ற கேள்வி எழத்தான் செய்யும். அதே டேனரிகளின் கழிவால் பாலாறு கெட்டது. வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கைக்காக இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. ஆக, பிரியாணியை நேர்மையாக எடுக்க வேண்டுமானால் தோலையும் ஆற்றையும் சாதியையும் மதத்தையும் ஒன்றாக எடுக்க வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் பார்ப்பவர் ஊரைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்ட பிறகு, ஐந்தாவது ஆறாவது எபிசோடில் செய்யக்கூடியது அது.

கிண்ணத்தில் இருப்பது

பிரியாணித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வரும். கத்திரிக்காய். உருது பேசும் வீடுகளில் கட்டா பைங்கன், அதாவது புளிப்புக் கத்திரிக்காய். கடை வீடியோக்காரர் அதை அரை நொடி காட்டி, 'சைடு டிஷ்ஷா கத்திரிக்காயும் குடுக்குறாங்க' என்பார். என் வாதமெல்லாம் இதுதான்: வேலூர்த் தொடர் அந்தக் கிண்ணத்தில்தான் தொடங்க வேண்டும்.

ஏனென்றால் இந்த மண்ணுக்கென்றே ஒரு கத்திரிக்காய் இருக்கிறது. அணைக்கட்டு வட்டாரத்தில் இலவம்பாடி என்ற ஊரின் பெயரில் வழங்கும் முள் கத்திரிக்காய். செடியிலும் இலையிலும் காம்பிலும் காயின் தொப்பியிலும் முள். பறிக்கும் கைக்கு லேசில் அடங்காது, வேகமாகப் பறித்தால் விரல் நுனியில் ஏறும். 2023 பிப்ரவரியில் 'வேலூர் முள் கத்திரிக்காய்' என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அப்போதுதான் கிடைத்தது.

புவிசார் குறியீடு என்றால் என்ன என்பதில் நிறையக் குழப்பம் உண்டு. சுருக்கமாக:

1. 1999-ல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒரு பொருளின் தரமோ பெயரோ அது விளையும் இடத்தால் வந்தது என்று காட்டினால் பதிவு தருவார்கள். பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது.
2. பாதுகாக்கப்படுவது பெயர். விதைக்கோ செய்முறைக்கோ அது பூட்டுப் போடாது. வேறு ஊரில் முள் கத்திரி பயிரிடலாம்; 'வேலூர்' என்று சொல்லி விற்கத்தான் முடியாது.
3. பதிவு பத்து ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.
4. பதிவு வந்துவிட்டால் விலை தானாக ஏறாது. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிந்தால்தான் ஏறும்.

நாலாவது இடத்தில்தான் படத்துக்கு வேலை. சந்தையில் குவித்து வைத்த கத்திரிக்காய்க்கு நடுவில் இது எது என்று கண்டுபிடிக்கிற கண்ணை ஒரு சான்றிதழ் தராது. முள் தொப்பியைக் கிட்டத்தில் காட்டி, விவசாயி அடுத்த போகத்துக்கு விதைக்கென்று செடியிலேயே பழுக்கவிட்டிருக்கும் மஞ்சள் காயைக் காட்டி, அது வெந்து குழையும் விதத்தையும் காட்டினால் தரும்.

விவசாயப் பக்கம் பேசக் கத்திரிக்காய்க்கு நிறைய இருக்கிறது. குருத்தையும் காயையும் துளைக்கும் புழுதான் இதன் பெரிய எதிரி. அதற்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காய் வந்தது, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. இந்தியாவில் ஊருக்கு ஒரு கத்திரி உண்டு, அவை கலந்து கெட்டுவிடும் என்ற கவலை அந்த எதிர்ப்பில் முக்கியமான பங்கு வகித்தது. முள் கத்திரி அப்படிப்பட்ட ஊர்க் கத்திரிகளில் ஒன்று.

சமையல் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். காம்பைப் பிடித்துக்கொண்டு நாலாகக் கீறுவார்கள், அடி வரை போகாமல். கீறியதும் தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் வெட்டுப்பட்ட இடம் காற்றுப் பட்டுக் கறுக்கும். எண்ணெயில் போட்டதும் சட்டியில் ஊற்றியதெல்லாம் காணாமல் போகும். கத்திரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்றறை, எண்ணெயைக் குடித்துவிடும். புதிதாகச் சமைப்பவர் பயந்துபோய் மேலும் ஊற்றுவார். பழகியவர் அசைய மாட்டார். சூட்டில் அறைகள் உடைந்து சதை துவள ஆரம்பித்ததும் குடித்த எண்ணெயைத் திருப்பிக் கொடுக்கும். பிறகு வறுத்து அரைத்த மல்லாட்டையும் எள்ளும், மிளகாய், புளிக் கரைசல். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் இறக்கலாம்.

இந்த ஒரு கிண்ணத்துக்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். அணைக்கட்டுக் காய், ஆரணிப் பக்கத்து மல்லாட்டை, தக்காணத்திலிருந்து வந்த உருதுச் சமையல், எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கும் தமிழ் வீட்டுக் கை. கறியின் கொழுப்புக்கு எதிராகப் புளிப்பு வேண்டும் என்பதால்தான் இது தட்டுக்கு வந்தது. விளைவிப்பவர், வழிவழியாகச் சமைப்பவர், கடை என்று மூன்று இழையும் இங்கே அறுபடாமல் கிடைக்கிறது. மாட்டுக்கறியா ஆட்டுக்கறியா என்ற சண்டையும் இந்தக் கிண்ணத்துக்கு இல்லை. எந்தத் தட்டுக்குப் பக்கத்திலும் இது உட்காரும்.

பெயர் யாருக்கு?

1751-ல் ஆற்காட்டுக் கோட்டையை ராபர்ட் கிளைவ் பிடித்து வைத்திருந்தபோது, வெளியே முற்றுகை, உள்ளே அரிசித் தட்டுப்பாடு. சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று நம் சிப்பாய்கள் சொன்னதாக ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதியிருக்கிறார். அவர் அதை விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொன்னார். சோறு ஒருவருக்கு, கஞ்சி ஒருவருக்கு என்ற பங்கீட்டின் உதாரணமாகவும் படிக்கலாம். சமையல் தொடர்களிலும் இந்தப் பங்கீடு நடக்கும்.

'எ ஷெஃப்ஸ் லைஃப்' மீதும் இந்தக் கேள்வி உண்டு. சொல்லிக் கொடுத்தவர் ஊர்ப் பாட்டி, பெயரும் புத்தகமும் சமையற்காரருக்கு. அந்தத் தொடர் ஒன்றைச் சரியாகச் செய்தது: சொல்லிக் கொடுத்தவர்களைப் பெயரோடு, அவர்கள் சமையலறையிலேயே, திரும்பத் திரும்ப வரவைத்தது. ஆனாலும் தொலைதூரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் போனது ஹோவர்டின் உணவகத்துக்குத்தான்.

வேலூரில் எடுத்தால் பின்விளைவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1. சமையற்காரர் ஆண் மாஸ்டராக இருந்து, வீட்டில் சமைக்கும் பெண்கள் 'அம்மா கைப்பக்குவம்' என்ற ஒற்றை வரியில் போய்விடுவார்கள். உருது பேசும் வீடுகளில் கேமரா முன் வர விரும்பாத பெண்கள் இருக்கலாம். குரல் மட்டும், கை மட்டும் காட்டி எடுக்கலாம். பெயர் போட வேண்டுமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

2. முள் கத்திரிக்காய்க்கு கிராக்கி வரும். வந்ததும் முள்ளில்லாத காய்க்குக்கூட இலவம்பாடிப் பெயர் ஒட்டும். குறியீட்டுச் சட்டம் அப்போதுதான் உண்மையில் தேவைப்படும். வழக்குப் போட விவசாயிகளுக்கு ஒரு சங்கம் வேண்டும்.

3. கடை வாசலில் வரிசை நீளும், விலை ஏறும். தினம் சாப்பிட்ட உள்ளூர்க்காரர் வேறு கடை பார்ப்பார்.

காசு

பி.பி.எஸ். 1970-ல் ஒளிபரப்பைத் தொடங்கிய, லாப நோக்கமில்லாத வலையமைப்பு. நேயர் நன்கொடை, நிறுவனங்களின் ஆதரவு, அரசு நிதி மூன்றும் சேர்ந்து ஓடியது. நடுவில் விளம்பர இடைவேளை கிடையாது என்பதால்தான் களி வேகும்வரை காத்திருக்கிற மாதிரியான வேகத்தில் தொடர் எடுக்க முடிந்தது. அந்த அரசு நிதியிலிருந்து சுமார் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. இனி இப்படிப்பட்ட தொடர்கள் அங்கேயே சிரமம்தான்.

நம் பக்கம் பொதிகை, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்ற புதுப் பெயரில் ஓடுகிறது. விவசாயிகளிடம் மைக்கை நீட்டி நெடுநாள் பழகிய அலைவரிசை அது. யூடியூபில் எடுப்பவருக்குத் தடை பணம் மட்டுமல்ல, நாளும்தான். நாற்று நடும்போது ஒரு தடவை, பூ பிடிக்கும்போது ஒரு தடவை, முதல் பறிப்புக்கு ஒரு தடவை, விதைக்காய் பழுக்கும்போது ஒரு தடவை என்று அதே வயலுக்கு நாலு தடவையாவது போக வேண்டும். ஒரு கடை வீடியோவுக்கு ஒரு மதியம் போதும். கணக்கு அங்கேயே இடிக்கிறது.

வரிசை எப்படி இருக்கலாம்?

என்னைக் கேட்டால் முள் கத்திரிக்காய் முதலில். அடுத்து கேழ்வரகு, ஆடி மாதத்தில் எடுக்க வேண்டும். மூன்றாவது மல்லாட்டை. நாலாவது ஜவ்வாது மலைச் சாமை. ஐந்தாவது தோல், கறி, பாலாறு மூன்றும் சேர்ந்து. அதற்கு ஒரு எபிசோடு போதுமா என்பது சந்தேகம். மக்கன் பேடாவுக்குத் தனி எபிசோடு வேண்டும் என்று ஆற்காட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தால் கொடுத்துவிடலாம்.

பிரியாணி கடைசி எபிசோடு. அதிலும் முதல் காட்சி தேக்சா வேண்டாம். விடிவதற்கு முன்னால் கடையின் பின்கட்டு, அடுப்பில் இன்னும் விறகு வைக்கவில்லை, தரையில் சாக்கு விரித்து ஒருவர் கத்திரிக்காய்க் கூடையைக் கவிழ்க்கிறார். முள் குத்தி விரலை உதறுகிறார், மறுபடி எடுத்துக் கீறுகிறார்.